கத்தரியும் நான்கு மையும்: 1969 பாணியில் ஓர் இசைவிழா போஸ்டர் செய்யும் முறை

பழைய இசைவிழா போஸ்டரைப் போல ஒன்று செய்ய வேண்டும் என்றதும் பலர் முதலில் தேடுவது கசங்கிய தாளின் படம், மங்கிய மஞ்சள் நிறம், ஓரத்தில் கிழிசல். தப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. 1960களின் போஸ்டர்கள் சுவரில் ஏறிய அன்று புத்தம் புதியவை, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருந்தவை. மங்கலும் கிழிசலும் பின்னால் வெயிலும் காலமும் சேர்த்தவை. அந்த போஸ்டர்களுக்கு அந்த முகத்தைக் கொடுத்தவை வேறு: கையால் வெட்டிய விளிம்பு, எண்ணி வைத்த சில மைகள், ஒரு மைமேல் இன்னொன்று ஏறிய இடம். இந்த மூன்றையும் அதே வழியில் செய்தால் பழைய தோற்றம் தானாக வந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் முன்மாதிரி உட்ஸ்டாக் விழாவின் போஸ்டர். 1969 ஆகஸ்ட் 15, 16, 17 தேதிகளில் நியூயார்க் மாநிலத்தில் நடந்த விழா. முதலில் டேவிட் பர்ட் வரைந்த வேறொரு போஸ்டர் இருந்தது. வால்கில் ஊரில் அனுமதி மறுக்கப்பட்டு விழா பெத்தலுக்கு இடம் மாறியதும் புது போஸ்டர் அவசரமாகத் தேவைப்பட்டது. அர்னால்ட் ஸ்கோல்னிக் அதைச் சில நாட்களில் முடித்துக் கொடுத்தார். சிவப்புத் தளம், கிதாரின் கழுத்து, அதைப் பற்றிய விரல்கள், மேலே ஒரு வெள்ளைப் பறவை, கீழே பெரிய வெள்ளை எழுத்தில் '3 நாள் அமைதியும் இசையும்' என்ற பொருள்படும் வரி. அவ்வளவுதான். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் தாள்வெட்டு ஓவியங்கள் அவர் மனத்தில் இருந்தன. பறவையை பிளேடால் வெட்டி எடுத்தார். எல்லோரும் புறா என்று சொல்லும் அது, அவர் அந்த நாட்களில் வரைந்துகொண்டிருந்த கேட்பேர்ட் என்னும் சிறு பறவை. முதலில் அது உட்கார்ந்திருந்தது புல்லாங்குழல்மேல். பிறகுதான் கிதாருக்கு மாறியது.

அந்தப் பறவையும் கிதாரும் இன்று பதிவுபெற்ற வணிகச் சின்னம். அதை அப்படியே வரைந்து அச்சிடக் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை மட்டும்.

முதலில் உருவம்

உட்ஸ்டாக் போஸ்டரில் சொல்லவேண்டியவை இரண்டு: அமைதி, இசை. பறவை ஒன்றைச் சொல்கிறது, கிதார் மற்றதைச் சொல்கிறது. இரண்டும் ஒட்டி ஒரே உருவமாகிவிட்டன. பறவையை எடுத்தால் கிதார் பாதிதான். புதிதாகச் செய்கிறவர்கள் இடறுவது இங்கேதான். மைக், மேடை, கூட்டம், சூரியன், மலர் எல்லாவற்றையும் போட்டுவிடுவார்கள். இரண்டு பொருளுக்கு மேல் வேண்டாம். இரண்டும் எங்காவது ஒரு புள்ளியில் ஒன்றையொன்று தொட்டாக வேண்டும்.

இந்தக் கட்டுரை முழுதும் ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஏரிக்கரையில் நடக்கும் இசைவிழாவுக்கு ஒரு போஸ்டர். தண்ணீரில் நிற்கும் நாரை. அதன் நீண்ட அலகு முடியும் இடத்தில் நாகஸ்வரத்தின் சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் பகுதி, தொடங்குகிறது. உலவு என்னும் நீண்ட குழல் சரிந்து இறங்கி, அணைசு என்னும் அடிப்புனல் தண்ணீரை நோக்கி விரிகிறது. கீழே கோரை. நாரை இடத்தைச் சொல்கிறது, நாகஸ்வரம் நிகழ்ச்சியைச் சொல்கிறது.

உள்ளங்கை அளவுள்ள தாளில் இதைக் கறுப்பு நிழலுருவமாக மட்டும் வரையுங்கள். கண், இறகு, துளை எதுவும் வேண்டாம். சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். நாரை நாரையாகத் தெரியவில்லை என்றால் விவரம் சேர்த்து அதைக் காப்பாற்ற முடியாது. நிற்கும் தோரணையை மாற்ற வேண்டும். நாரைக்கு அடையாளம் கழுத்தின் வளைவும் காலின் முழங்கால் மடிப்பும். அவை இரண்டும் வெளிவிளிம்பில் வர வேண்டும். உடம்புக்கு முன்னால் கழுத்து வந்துவிட்டால் நிழலுருவில் அது காணாமல் போய்விடும். இப்படி எட்டுப் பத்துத் தடவை வரைந்தால் ஒன்று அமையும்.

அளவும் இடப்பங்கீடும்

ஏ2 தாள், அதாவது 420 × 594 மி.மீ., புதியவர்களுக்குச் சரியான அளவு. இதைவிடச் சிறிதானால் எழுத்து நெரியும்; பெரிதானால் வீட்டு மேசையில் அச்சிட முடியாது. நான்கு பக்கமும் 15 மி.மீ. வெள்ளை ஓரம் விடுங்கள். விளிம்புவரை மை ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டால் பெரிய தாளில் அச்சிட்டுப் பிறகு வெட்ட வேண்டிவரும். முதல் போஸ்டருக்கு அந்தச் சிரமம் தேவையில்லை.

மீதியுள்ள 390 × 564 மி.மீ.யை மூன்று பட்டைகளாகப் பிரிக்கிறோம். மேலே 380 மி.மீ. சிவப்பு: நாரையும் நாகஸ்வரமும் பெரிய எழுத்தும் இங்கே. நடுவில் 80 மி.மீ. நீலம்: தண்ணீர். அடியில் 104 மி.மீ. மஞ்சள்: யார், எங்கே, எப்போது, நுழைவுக் கட்டணம். போஸ்டரை மூன்று தூரத்தில் வைத்துப் படிப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தெருவின் எதிர்ப்பக்கத்தில் இருந்து உருவம், நாலெட்டு தூரத்தில் விழாவின் பெயர், கைநீட்டும் தூரத்தில் விவரங்கள். உட்ஸ்டாக்கிலும் இப்படித்தான்: கலைஞர்களின் பெயர்கள் நாள் வாரியாகக் கீழே சிறிய எழுத்தில் போய்விட்டன. எத்தனை பெரிய பெயரானாலும் மேலே ஏறி உருவத்தோடு போட்டிபோடவில்லை. விழாக் குழுவினர் இதற்கு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும்.

பெயர்ப்பலகை எழுதுவோருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. விழாவின் பெயரை 60 மி.மீ. உயரத்தில் வைத்தால் ஏறக்குறைய 24 அடியில் இருந்து வசதியாகப் படிக்கலாம்.

தாளில் வெட்டுதல்

பென்சிலால் முழுக்க வரைந்து, கோட்டின்மேல் கத்தரியை ஓட்டினால் உயிர் போய்விடும். கை கோட்டுக்குப் பயந்து மெதுவாக நகரும், விளிம்பு நடுங்கும். எங்கே தொடங்கி எங்கே முடிவது என்று நாலைந்து புள்ளிகள் மட்டும் தாளின் பின்பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டுங்கள். பின்பக்கத்தில் உருவம் இடவலம் மாறியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கத்தரி 18 முதல் 20 செ.மீ. நீளம் இருக்கட்டும். அலகின் நுனியால் கொத்தக் கூடாது. அடிப்பகுதியில் தொடங்கி முக்கால்வாசிவரை மூடி, மறுபடி திறக்க வேண்டும். கத்தரி பிடித்த கை அசையாமல் இருக்க, தாள் பிடித்த கை திரும்ப வேண்டும். கத்தரியைத் திறந்து மறுபடி தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் வளைவில் ஒரு சின்ன முனை விழும். நாரையின் கழுத்தில் அப்படி மூன்று நான்கு முனைகள் வரும். அவற்றைச் சீர்செய்ய வேண்டாம். கம்ப்யூட்டரில் வரைந்த வளைவில் இந்த முனைகள் இருக்காது. வெட்டிய தாள் என்று கண் கண்டுகொள்வது அவற்றை வைத்துத்தான். கால், அலகு போன்ற ஒடுங்கிய இடங்களுக்கு ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர் பிளேடு நல்லது. ஒவ்வொரு உருவத்துக்கும் நுனியை ஒருமுறை ஒடித்துவிடுங்கள். மழுங்கிய பிளேடு தாளை வெட்டாமல் இழுக்கும்.

வண்ணத் தாளைக் கடையில் வாங்கலாம். அதைவிட, அச்சிடப்போகும் நிறத்தையே போஸ்டர் கலரில் கலந்து 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) தாளில் தட்டைத் தூரிகையால் பூசிக் காயவைத்து வெட்டுவது மேல். மையை என்ன நிறத்தில் கலக்க வேண்டும் என்பதற்கு அந்தத் தாளே மாதிரியாகிவிடும். பூசிய தாள் காயும்போது சுருளும். காய்ந்ததும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வைத்தால் நேராகும்.

வெட்டிய துண்டுகளை ஏ2 அளவில் அடுக்கிப் பாருங்கள், ஒட்டாதீர்கள். நகர்த்திப் பார்க்கும் இந்த வசதிக்காகத்தான் தாளில் வெட்டுகிறோம். ஒவ்வொரு அமைப்பையும் போனில் படம் எடுத்துவிட்டு அடுத்ததை முயலுங்கள். வெட்டி விழுந்த கழிவையும் எறிய வேண்டாம். கோரைக்கு வேண்டிய நல்ல வடிவங்கள் பல அந்தக் குவியலில்தான் கிடைக்கும். மறுநாள் காலை திரும்பப் பார்த்து, அதன்பின் மூலைகளில் மட்டும் சொட்டுப் பசை வைத்து நிறுத்துங்கள்.

எழுத்து

பெரிய எழுத்தையும் அதே கத்தரியால் வெட்ட வேண்டும். கம்ப்யூட்டர் எழுத்துருவை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒட்டாது. தமிழ் எழுத்தை வெட்டுவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நம் எழுத்தில் சுழி அதிகம். 60 மி.மீ. உயர எழுத்தில் கோட்டின் தடிமன் 9 முதல் 10 மி.மீ. வைத்தால், 'ண' எழுத்தின் சுழிகள் அடைபடாமல் இருக்க அதன் அகலம் குறைந்தது 90 மி.மீ. வேண்டும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொடுக்க நினைத்தால் 'ர' ஓட்டையாகத் தெரியும், 'ண' முடிச்சாகத் தெரியும். புள்ளியைக் கோட்டின் தடிமனுக்குக் குறையாமல் வெட்டுங்கள். சிறிய புள்ளி அச்சில் மறைந்து 'க்' என்பது 'க' ஆகிவிடும்.

இடைவெளியை அளவுகோலால் அளக்க வேண்டாம். எழுத்துகளுக்கு இடையே தண்ணீர் ஊற்றினால் ஒவ்வொரு சந்திலும் ஒரே அளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு நகர்த்துங்கள்.

அதே காலத்தில் சான்பிரான்சிஸ்கோவில் வேறொரு எழுத்துமுறை இருந்தது. போஸ்டர் ஓவியர் வெஸ் வில்சன், வியன்னாவின் ஓவியர் ஆல்பிரட் ரோலர் 1903இல் ஒரு கண்காட்சிக்கு எழுதிய எழுத்தைப் பார்த்து, அதை உருக்கி ஊற்றியதுபோல வளைத்தார். அதில் எழுத்துக்கும் வெற்றிடத்துக்கும் சம பங்கு; எழுத்து ஒரு சட்டத்தை முழுக்க அடைத்துக்கொள்ளும். அழகான முறை. ஆனால் நின்று படிக்க நேரமுள்ளவருக்கானது. புதியவர்கள் அதையும் தாள்வெட்டையும் ஒரே போஸ்டரில் கலக்காமல் இருப்பது நல்லது.

நிறம்

நான்கு மை: மஞ்சள், நீலம், சிவப்பு, கறுப்பு. நீலம் ஒளி ஊடுருவும் மையாக இருந்தால் மஞ்சள்மேல் ஏறும் இடத்தில் பச்சை கிடைக்கும். தாளின் வெள்ளையையும் சேர்த்து ஆறு நிறம். நம் நாரையின் கால்களை மஞ்சளில் அச்சிட்டு, தண்ணீர்ப் பட்டையை அப்படியே அவற்றின்மேல் ஓட்டுங்கள். தண்ணீருக்கு மேலே கால் மஞ்சளாகவும் தண்ணீருக்குள் பச்சையாகவும் தெரியும். கோரையும் அப்படியே: மஞ்சளில் அடிக்கிறோம், நீலம் ஏறியதும் பச்சையாகிறது. இதற்கெனத் தனியாக ஒரு மை வேண்டாம், தனி ஸ்கிரீன் (மை இறங்கும் மெல்லிய வலை கட்டிய சட்டம்; நாம் அச்சிடப்போவது அதில்தான்) வேண்டாம். 1960களின் அச்சுக்காரர்கள் காசு மிச்சம்பிடித்தது இப்படித்தான். இன்று நமக்கு அழகாகத் தெரிவதும் அதுதான்.

நாரைக்கு மை கிடையாது. சிவப்பில் நாரை வடிவில் ஒரு வெற்றிடம் விடுகிறோம், தெரிவது தாள். பெரிய எழுத்தும் அப்படியே.

நிறங்களைத் தேர்ந்ததும் போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். சிவப்பும் நீலமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் இரண்டும் ஒரே அளவு வெளிச்சம் கொண்டவை என்று பொருள். அவை சந்திக்கும் விளிம்பு கண்ணில் துடிக்கும். இதை வேண்டுமென்றே செய்தவர் போஸ்டர் ஓவியர் விக்டர் மொஸ்கோசோ. யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்ஸிடம் நிறம் படித்தவர். எதிர்நிறங்கள் இரண்டை ஒரே வெளிச்ச அளவில் பக்கத்தில் வைத்து எழுத்தையே அதிரவைத்தார். பெரிய வடிவத்துக்கு அது பொருந்தும். சிறிய எழுத்துக்கு ஒருபோதும் செய்யாதீர்கள், படிப்பவர் கண்ணை மூடிக்கொள்வார். நம் போஸ்டரில் நீலத்தைக் கொஞ்சம் வெளிறவைத்தால் போதும்.

நிறம் பிரித்தல்

ஒவ்வொரு மைக்கும் ஒரு ஸ்கிரீன். எந்த ஸ்கிரீனில் எது வரும் என்பதை நான்கு டிரேசிங் தாள்களில் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

மஞ்சள்: அடிப்பட்டை, கோரை, நாரையின் கால்.
நீலம்: தண்ணீர்ப் பட்டை முழுதும், இடையில் எதையும் விடாமல்.
சிவப்பு: மேல்பட்டை, அதில் நாரையும் காலும் பெரிய எழுத்தும் வெற்றிடம்.
கறுப்பு: நாகஸ்வரம், நாரையின் கண், கீழேயுள்ள சிறிய எழுத்து.

கறுப்பு எதையும் மறைக்கும். ஆகவே சிவப்பில் நாகஸ்வரத்துக்கு வெற்றிடம் விட வேண்டாம். நேராக மேலேயே அச்சிடுங்கள். வெற்றிடம் விட்டுப் பொருத்தப் பார்ப்பது புதியவர்கள் தாமே தேடிக்கொள்ளும் வேலை.

இரண்டு நிறங்கள் தொடும் இடத்தில் 1 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். கையால் அச்சிடும்போது தாள் அரை மி.மீ.யாவது நகரும். ஏற்றம் விடாவிட்டால் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே வெள்ளைக் கீற்று தெரியும். எப்போதும் வெளிர் நிறத்தை விரித்து, அடர் நிறத்தின் விளிம்பை அப்படியே வைக்க வேண்டும்: மஞ்சள் காலை 1 மி.மீ. தடிமனாக்குங்கள், சிவப்பின் வெற்றிடம் சரியான அளவில் இருக்கட்டும். தண்ணீரின் மேல்விளிம்பில் சிவப்பு நீலத்தின்மேல் 1 மி.மீ. ஏறும்போது, அங்கே மயிரிழைபோல ஒரு கருஞ்சிவப்புக் கோடு விழும். அதைப் பிழை என்று அஞ்ச வேண்டாம். பழைய போஸ்டரைக் கையில் எடுத்து நிறங்கள் சேரும் இடத்தைக் கூர்ந்து பார்த்தால் இதே கோடு இருக்கும்.

கம்ப்யூட்டரில் பிரிப்போர் வெட்டிய துண்டுகளை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். விளிம்பைத் தானாக மழமழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கத்தரி விட்ட முனைகளை அது தின்றுவிடும்.

ஸ்கிரீன் தயாரித்தல்

கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு அச்சிடும் கடைகளுக்குச் சாமான் விற்கும் இடங்களில் பிரேம், மெஷ் (வலைத்துணி), எமல்ஷன் (வெளிச்சம் பட்ட இடத்தில் இறுகி, படாத இடத்தில் தண்ணீரில் கழுவிப்போகும் பூச்சு), ஸ்க்வீஜி (மையை இழுக்கும் ரப்பர் பட்டை) எல்லாம் கிடைக்கும். நம் அளவுக்கு பிரேமின் உட்புறம் குறைந்தது 55 × 75 செ.மீ. வேண்டும். உருவத்தைச் சுற்றி 8 செ.மீ.க்குக் குறையாமல் இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் மெஷ் வளைந்து கொடுக்காது. அங்கே மை திட்டுத்திட்டாக இறங்கும். பட்டைகளுக்கு செ.மீ.க்கு 77 இழை மெஷ், சிறிய எழுத்து உள்ள கறுப்புக்கு 90. விரலால் தட்டினால் பறைபோல ஒலிக்க வேண்டும். தொளதொளவென்ற மெஷில் என்ன செய்தாலும் நிறங்கள் பொருந்தாது.

மஞ்சளுக்கும் நீலத்துக்கும் எமல்ஷனே தேவையில்லை. பட்டர் பேப்பரில் வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டைத் தாளை ஸ்கிரீனுக்கு அடியில் வைத்து முதல் இழுப்பு இழுத்தால், மையே அதை மெஷோடு ஒட்டிக்கொள்ளும். 30 முதல் 50 பிரதிவரை தாங்கும். விளிம்பும் கத்தரி விளிம்பாகவே வரும். நாம் அச்சிடப்போவது 60 தாள் என்பதால், வெட்டும்போதே இரண்டு தாள்களை ஒன்றாக அடுக்கி வெட்டி, ஒன்றை மாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பும் கறுப்பும் எமல்ஷனில். டயசோ வகையை வாங்குங்கள். சில கடைகளில் பைகுரோமேட் கலக்கும் வகையைக் கொடுப்பார்கள். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நச்சு, சாக்கடையில் ஊற்றக் கூடாதது. வீட்டில் அது வேண்டவே வேண்டாம். மெஷைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, தாள் தொடும் பக்கத்தில் முதலில் ஒரு பூச்சு, மை ஊற்றும் பக்கத்தில் ஒரு பூச்சு. தாள் தொடும் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கைவாக்கில் வைத்து இருட்டில் காயவிடுங்கள். நிறுத்திவைத்தால் பூச்சு வழிந்து அடியில் தடித்துவிடும். தொட்டுப் பார்க்கக் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் ஓர் இரவு முழுக்க விடுங்கள்.

வெளிச்சத்தில் காட்ட ஒரு மறைப்பு வேண்டும். மை இறங்கவேண்டிய இடமெல்லாம் கறுப்பாக இருக்க வேண்டும். கறுப்புச் சார்ட் தாளை வெட்டித் தெளிந்த பிளாஸ்டிக் தாளில் ஒட்டினாலே சிவப்புக்குப் போதும். வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். சிறிய எழுத்தை லேசர் பிரிண்டில் எடுத்துக்கொள்ளலாம். எழுத்து 10 பாயின்டுக்குக் குறைய வேண்டாம். அடியில் ஸ்பாஞ்ச், அதன்மேல் ஸ்கிரீன், அதன்மேல் மறைப்பு, எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி. மறைப்புக்கும் மெஷுக்கும் நடுவே காற்று நின்றால் விளிம்பு மங்கும்.

எத்தனை வினாடி என்பது எமல்ஷனையும் விளக்கையும் பொறுத்தது. ஊகிக்க வேண்டாம். ஒரு சிறிய ஸ்கிரீனில் ஒரே எழுத்தை ஆறு பட்டைகளாக வைத்து, அட்டையால் மூடிக்கொண்டே வந்து ஆறு வெவ்வேறு நேரம் காட்டிக் கழுவிப் பாருங்கள். குறைந்த நேரம் பெற்ற பட்டை வழவழவென்று கரைந்துபோகும். அதிக நேரம் பெற்றதில் சுழிகள் திறக்காது. இரண்டுக்கும் நடுவே சுழி திறந்து விளிம்பும் நிற்கும் பட்டைதான் உங்கள் நேரம்.

அச்சிடுதல்

தாள் 220 முதல் 250 ஜிஎஸ்எம், வழவழப்புப் பூச்சு இல்லாதது, சற்றே வெதுவெதுப்பான வெள்ளை. 50 பிரதி வேண்டுமென்றால் 60 தாள் எடுங்கள். அச்சிடும் அறையில் ஓர் இரவு பிரித்து வையுங்கள். தாள் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும். முதல் நிறத்துக்கும் நான்காம் நிறத்துக்கும் இடையில் அது 1 மி.மீ. விரிந்துவிட்டால் எந்தப் பொருத்தமும் நிற்காது.

நீரில் கரையும் அக்ரிலிக் மையில் அதே அளவு ஸ்கிரீன் மீடியம் (நிறமில்லாத கலவை) கலந்து, தயிர் பதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியைத் தூக்கினால் சொட்டாமல் மெதுவாக நழுவ வேண்டும். நீலத்துக்கு மீடியம் இரண்டு பங்கு போட்டால் ஒளி ஊடுருவும். சிவப்பு மை 60 தாளுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் ஆகும். அதில் ஒரு பங்கு ஸ்கிரீனிலேயே தங்கிவிடும். ஒரே கலவையாகக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே சிவப்பு வராது.

ஸ்கிரீனைக் கீல் வைத்த கிளாம்ப்பில் மேசையோடு பொருத்துங்கள். தாளுக்கும் மெஷுக்கும் இடையே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி வேண்டும், பிரேமுக்கு அடியில் நாணயம் வைத்தாலும் போதும். இடைவெளி இல்லாவிட்டால் மெஷ் தாளை விடாமல் ஒட்டிக்கொண்டு விளிம்பைக் கலைத்துவிடும். தாள் வந்து முட்டி நிற்க மூன்று அட்டைத் துண்டுகள்: நீளப் பக்கத்தில் இரண்டு, அகலப் பக்கத்தில் ஒன்று. நான்கு நிறத்துக்கும் அதே மூலையைத்தான் முட்டவைக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் கடையில் தாள் வெட்டியபோது ஏற்பட்ட சின்னக் கோணலெல்லாம் போஸ்டரில் தெரியும்.

இரண்டாம் நிறத்தில் இருந்து பொருத்தம் பார்க்க வேண்டும். மேசையில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் தாளை ஒரு பக்கம் மட்டும் டேப் போட்டு ஒட்டி, அதன்மேல் புது நிறத்தை அச்சிடுங்கள். அதன் அடியில் மஞ்சள் அச்சான தாளை நுழைத்து, இரண்டும் பொருந்தும்வரை தாளை நகர்த்தி, அந்த இடத்தில் அட்டைத் துண்டுகளை ஒட்டிவிட்டு, பிளாஸ்டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஸ்க்வீஜியின் ரப்பர் ஷோர் என்னும் கடின அளவில் 70, அகலம் 43 செ.மீ. மேல்முனையில் மையை ஊற்றி, ஸ்கிரீனைத் தூக்கியபடி லேசாக ஒரு தள்ளல்: மெஷ் துளைகளில் மை நிரம்பும். பிறகு இறக்கி, 60 முதல் 70 பாகை சாய்வில், நிற்காமல், ஒரே வேகத்தில் ஓர் இழுப்பு. நடுவில் தயங்கினால் அந்த இடத்தில் கோடு விழும். ஒவ்வொரு அச்சுக்கும் பின் உடனே ஸ்கிரீனைத் தூக்கி மறுபடி மையைப் பரப்பிவிடுங்கள். வெறும் மெஷ் ஒரு நிமிடம் காற்றில் நின்றால் மை காய்ந்து துளை அடைத்துக்கொள்ளும். கோடையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மையில் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்க்க வேண்டும். அளவு டப்பாவில் போட்டிருக்கும், அதைத் தாண்டினால் மை காயவே காயாது.

வரிசை: மஞ்சள், நீலம், சிவப்பு, கறுப்பு. ஒவ்வொன்றும் அரை மணி நேரம் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கட்டும். விரலால் தொட்டால் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

தவறு எங்கே வரும்

பெரிய சிவப்புப் பரப்பில் ஊசிமுனைத் துளைகளாக வெள்ளை தெரிகிறதா? எமல்ஷன் பூசும்போது மெஷில் தூசி இருந்திருக்கும் என்று பலர் நினைப்பார்கள். அது நேர்மாறு: எமல்ஷனில் துளை விழுந்தால் வேண்டாத இடத்தில் மைப்புள்ளி வரும். மை இறங்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் புள்ளி என்றால், காரணம் மறைப்பிலோ கண்ணாடியிலோ இருந்த தூசி அல்ல. மெஷில் மை காய்ந்திருக்கிறது, அல்லது தாளில் துகள் ஒட்டியிருக்கிறது. முதலில் ஈரத்துணியால் மெஷைத் துடைத்துப் பாருங்கள்.

வெள்ளை எழுத்தின் சந்துகளில் சிவப்பு ஊறி எழுத்து மெலிகிறது என்றால் மை தண்ணீராக இருக்கிறது, அல்லது இரண்டு தடவை இழுத்திருக்கிறீர்கள். எதுவாயினும் ஒவ்வொரு பக்கமும் கால் மி.மீ.வரை மை பரவத்தான் செய்யும். ஆகவே வெற்றிட எழுத்தை வெட்டும்போதே சற்றுத் தடிமனாக வெட்டுங்கள். 14 பாயின்டுக்குக் கீழே உள்ள எழுத்தை வெற்றிடமாக விடவே வேண்டாம். சிறிய எழுத்தை மஞ்சள்மேல் கறுப்பில் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

மேற்பாதியில் பொருந்தி அடிப்பாதியில் பொருந்தவில்லை என்றால் தாள் விரிந்திருக்கிறது, அல்லது மெஷ் தளர்ந்திருக்கிறது. அட்டைத் துண்டுகளை நகர்த்தி இதைச் சரிசெய்ய முடியாது. பிழையை இரண்டு முனைக்கும் பாதிப் பாதியாகப் பகிர்ந்து, 1 மி.மீ. ஏற்றத்துக்குள் அடக்கப் பாருங்கள்.

பச்சை வராமல் சேற்று நீலமாக வந்தால் நீலத்தில் வெள்ளை கலந்திருக்கிறது. நீலத்தை வெளிறவைக்க வெள்ளையைச் சேர்க்கக் கூடாது, மீடியத்தைச் சேர்க்க வேண்டும். வெள்ளை சேர்ந்த மை அடியில் இருக்கும் மஞ்சளை மூடிவிடும்.

வானவில்போல ஒரு நிறம் இன்னொன்றாக மாறுவதை அந்தக் காலப் போஸ்டர்களில் பார்த்திருப்பீர்கள். லண்டனில் மைக்கேல் இங்கிலிஷும் நைஜல் வேமவுத்தும் ஸ்கிரீன் அச்சில் இதை அழகாகச் செய்தார்கள். ஸ்கிரீனின் ஒரு பாதியில் சிவப்பும் மறுபாதியில் ஆரஞ்சும் பக்கம்பக்கமாக ஊற்றி இழுத்தால், ஐந்தாறு இழுப்பில் நடுவில் கலந்துவிடும். பெரிய சிவப்புப் பரப்பில் முயன்று பார்க்கலாம். ஸ்க்வீஜியை இடவலமாக அசைக்காமல் நேராக இழுக்க வேண்டும். 20 பிரதிக்குப் பின் இரண்டும் குழம்பி ஒரே நிறமாகும். அப்போது வழித்தெடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

வேலை முடிந்ததும், டீ குடிக்கப் போவதற்கு முன், ஸ்கிரீனைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு பக்கமும் கழுவிவிடுங்கள். அக்ரிலிக் மை மெஷில் காய்ந்தால் அந்த மெஷ் அதோடு போயிற்று. போஸ்டர்களைச் சுவரில் மைதாப் பசையால் ஒட்டுவதானால் மூன்று நாள் காயவிட்டு ஒட்டுங்கள். முன்பக்கமும் பசை தடவும் வழக்கம் உள்ளவர்கள் ஈரத் தூரிகையைச் சிவப்பில் அழுத்தித் தேய்க்காமல், ஒரே திசையில் ஒருமுறை மட்டும் ஓட்டட்டும். மை முழுக்க இறுகாத தாளில் சிவப்பு இழுபட்டு நாரையின்மேல் ஏறிவிடும்.